பேரி லோபஸை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அமெரிக்க இயற்கை எழுத்தாளர் பேரி லோபஸின் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பலரும், வடதுருவப் பகுதியைப் பற்றிய ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ என்ற புத்தகத்தின் வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 1986இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது அது. இயற்கை எழுத்தில் ஆர்வம் வந்தவுடன் எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். நாற்பது ஐம்பது பக்கம் போவார்கள். பனிப்பாறை வகைகள், ஆய்வுப் பயணிகளின் பெயர்கள், லத்தீன் பெயர்கள் என்று அடுக்கடுக்காக வரும். “அப்புறம் பார்க்கலாம்” என்று எடுத்துவைத்த புத்தகம் அப்படியே அலமாரியில் தங்கிவிடும்.

நான் சொல்லும் வரிசை வேறு. சின்னக் கட்டுரைகளில் தொடங்குங்கள். நடுவே சிறுகதைகளைக் கலந்துகொள்ளுங்கள். பெரிய புத்தகங்களுக்கு அதற்குப் பிறகு போகலாம். லோபஸின் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவர்களில் பலர் அவருடைய கதைகளைத் தொடுவதே இல்லை. அது பெரிய நஷ்டம். கட்டுரையில் அவர் மிகவும் கண்டிப்பானவர். தான் பார்த்தது, கேட்டது, படித்துத் தெரிந்துகொண்டது, இவற்றைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். நிலத்தோடும் விலங்குகளோடும் மனிதன் எப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்ற அவருடைய ஏக்கமெல்லாம் கதைகளில்தான் கிடக்கிறது. ஒன்றை மட்டும் படித்தால் பாதி ஆளைத்தான் தெரிந்துகொள்வோம்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

லோபஸ் 1945 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அங்கே தோட்டங்களும் வயல்களும் நிறைய இருந்தன. சிறுவன் கர்ணப் புறா வளர்த்தான். அவை வானில் குட்டிக்கரணம் போட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம். அம்மா மறுமணம் செய்துகொண்ட பிறகு மாற்றாந்தந்தையின் பெயரான லோபஸ் இவருக்கும் வந்தது. அப்புறம் மான்ஹாட்டன், இயேசு சபையினர் நடத்திய பள்ளி, நோட்ரே டாம் பல்கலைக்கழகம். 1970 முதல் ஒரிகன் மாநிலத்தில், மெக்கென்ஸி ஆற்றங்கரையில், காட்டுக்குள் ஒரே வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். உலகம் முழுக்கச் சுற்றியவருக்கு அதுதான் ஊர். 2020 செப்டம்பரில் மெக்கென்ஸி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பரவிய காட்டுத்தீ அவருடைய வீட்டுக்கும் வந்தது. அவர் சேர்த்துவைத்திருந்த ஆவணங்கள் எரிந்துபோயின. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று புற்றுநோயால் இறந்தார்.

இவ்வளவு தெரிந்தால் படிக்கத் தொடங்கப் போதும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லோபஸ் முதலில் எழுத்தாளர் மட்டுமல்ல, நிலக்காட்சிப் புகைப்படக்காரரும்கூட. 1981இல் அதை விட்டார். அலாஸ்காவுக்கு வடக்கே, சுக்சி கடலில் ஒரு துருவக் கரடியைப் படமெடுத்து முடித்த பிறகு யோசித்துப் பார்க்கிறார். வெளிச்சம் எப்படி இருந்தது, எந்த லென்ஸ் போட்டோம் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. கரடி என்ன செய்தது என்பது சரியாக நினைவில்லை. அதோடு கேமராவைக் கீழே வைத்தார். இந்தக் கதையை ‘லேர்னிங் டு சீ’ என்ற கட்டுரையில் சொல்கிறார். அவருடைய வாக்கியங்கள் ஏன் இவ்வளவு நிதானமாக நகர்கின்றன, ஏன் ஒரு பறவையைச் சொல்வதற்கு முன் காற்றையும் தரையையும் சொல்கிறார் என்று உங்களுக்குப் பொறுமை போகும் இடங்களில் இந்தக் கரடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நான்கு கட்டுரைகள்

‘அபாலஜியா’வில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான். ஒரிகன் வீட்டிலிருந்து இந்தியானா மாநிலத்தில் உள்ள நண்பர் வீட்டுக்குக் காரில் போகிறார். வீட்டைவிட்டுச் சில மைல் தூரத்திலேயே சாலையில் இரண்டு ரக்கூன்கள் செத்துக் கிடக்கின்றன. காரை ஓரங்கட்டி, இறங்கி, அவற்றைத் தூக்கிப்போய்ச் சாலையோரப் புல்லில் கிடத்துகிறார். பயணம் முழுக்க இப்படியே: முயல், பறவை, மான் என்று வண்டியில் அடிபட்டுச் செத்தவை ஒவ்வொன்றுக்கும் நிறுத்துகிறார், இறங்குகிறார், அப்புறப்படுத்துகிறார். எதற்காக இதெல்லாம் என்று ஒருவர் கேட்கவும் செய்கிறார். அது ஒரு மரியாதை, கவனம் மழுங்காமல் இருக்க ஒரு வழி என்கிற மாதிரி பதில் சொல்கிறார். யாரையும் திட்டுவதில்லை. சாலைகள் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. அவரே அந்தச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்தானே. அந்த உறுத்தலோடுதான் கட்டுரை முழுக்க நகர்கிறது. இதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், லோபஸ் இப்போதைக்கு உங்களுக்கான எழுத்தாளர் இல்லை. வருத்தப்படாமல் வேறு ஒருவரிடம் போகலாம்.

அடுத்தது ‘தி ஸ்டோன் ஹார்ஸ்’. என்னைக் கேட்டால் அவர் எழுதியவற்றிலேயே மிகச் சிறந்த கட்டுரை இதுதான். தெற்குக் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மாவட்டத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைநிலத்தில், பூர்வகுடிகள் தரையில் வரைந்த ஒரு குதிரை இருக்கிறது. கருத்த கற்களை விலக்கி, அடியிலிருக்கும் வெளிர் மண் தெரியும்படி செய்த உருவம். பல நூறு ஆண்டுப் பழையது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரையை முதன்முதலில் பார்த்தவர்கள் வரைந்திருக்கலாம் என்று லோபஸ் யோசிக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று சொல்லவே அரசுத் தொல்லியலாளருக்குத் தயக்கம். சொன்னால் நாளைக்கு ஜீப்பில் ஏறி வருகிறவர்கள் சிதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். லோபஸ் மேசைமேல் சாதாரண ரோட்டு மேப்பை விரிக்கிறார். தொல்லியலாளர் பிங்க் நிற ஸ்கெட்ச் பேனாவால் அதில் வழியைக் கோடிழுத்துக் காட்டி, இதற்குமேல் வண்டி போகாது என்கிற இடத்தில் ஒரு குறி போடுகிறார்.

அந்த பிங்க் பேனாவைக் கவனியுங்கள். லோபஸின் முறையே அதில் தெரிகிறது. அவர் எந்த இடத்துக்கும் தானாகப் போய்த் தானாகக் ‘கண்டுபிடிப்பது’ கிடையாது. அந்த இடத்தைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் போகிறார், கேட்கிறார், அந்த ஆளின் தயக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்கிறார். விடியற்காலையில் குதிரையிடம் போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் ஏற ஏற உருவம் மாறுவதை நின்று பார்க்கிறார். அப்புறம்தான் வரலாறு, அப்புறம்தான் கோபம். பாலைநிலத்துத் தொல்லிடங்களில் நடக்கும் நாசத்தைப் பற்றி அவர் பேசும்போது அது எரிச்சலாக இல்லாமல் துக்கமாக நமக்குள் இறங்குவதற்குக் காரணம், அந்தக் குதிரையோடு நம்மையும் அவ்வளவு நேரம் நிற்கவைத்திருப்பதுதான்.

மூன்றாவது, ‘எ பிரசன்டேஷன் ஆஃப் வேல்ஸ்’. 1979 ஜூன் 16ஆம் தேதி ஒரிகன் கடற்கரையில், ஃபுளோரன்ஸ் ஊருக்குப் பக்கத்தில், 41 ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. லோபஸ் திமிங்கிலங்களைவிட அங்கே கூடிய மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்: அளவெடுக்க ஓடிவந்த விஞ்ஞானிகள், கூட்டத்தைச் சமாளித்த காவலர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்கள். செத்துக்கொண்டிருக்கும் இவ்வளவு பெரிய உயிரின் முன்னால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல நிருபரின் வேலை இது. லோபஸை வெறும் தியான ரகம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். ‘தி ஸ்டோன் ஹார்ஸ்’ போலவே இதுவும் 1988இல் வந்த ‘கிராஸிங் ஓப்பன் கிரவுண்ட்’ தொகுப்பில் இருக்கிறது.

நான்காவது ‘தி இன்விடேஷன்’, 2015இல் ‘கிராண்டா’ இதழில் வந்தது. வடக்கே பூர்வகுடி நண்பர்களோடு நடக்கும்போது ஒரு கிரிஸ்லி கரடி, செத்த கரிபூ மானைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். லோபஸின் கண் நேராகக் கரடி மேலேயே ஒட்டிக்கொள்ளும். கூட வருபவர்களோ கரடியைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சம்பவம் கரடியைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அவ்விடத்தைத் தாண்டிய பிறகும் முடியவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் பார்த்த தடம், பிறகு கேட்ட ஒரு பறவைச் சத்தம், எல்லாம் அதில் சேர்த்தி. வெளியில் போகும்போது எப்படிக் கவனிப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான சில பக்கங்களை நான் படித்ததில்லை.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் படித்துவிடுங்கள். இரண்டாம் தடவை ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: லோபஸ் எங்கே நிற்கிறார், யாரிடம் அனுமதி கேட்கிறார்? கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையிலும் அப்படி ஓர் இடம் வரும்.

இரண்டாம் படி: கதைக்குள் போவது

‘விண்டர் கவுண்ட்’, 1981. ஒல்லியான தொகுப்பு. இதில் பழக்கமான பொருளில் ‘கதை’யைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். திடீர்த் திருப்பம் கிடையாது, பாத்திரங்கள் சண்டை போடுவது குறைவு. அமைதியான, படித்த, கொஞ்சம் தனிமையான ஒருவர் எங்கோ போகிறார். நம்பக் கஷ்டமான ஒன்றைப் பார்க்கிறார், அல்லது அதைப் பற்றிக் கேள்விப்படுகிறார். அதை அவர் நம்புகிறார். அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைப் படிப்பவருக்கும் தொற்றவைப்பதில்தான் லோபஸின் கைவண்ணம்.

வட அமெரிக்காவின் பெரும் சமவெளிப் பூர்வகுடிகள் சிலர் ஓர் ஆண்டு முழுவதையும் ஒரே ஒரு சம்பவத்தால் நினைவுவைத்துக்கொள்வார்கள். அதற்கொரு சித்திரத்தை எருமைத்தோலில் வரைவார்கள். தொகுப்பின் தலைப்புக் கதை அதைப் பற்றியது. நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் கருத்தரங்குக்கு வரும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், இந்தச் சித்திரக் கணக்குகளைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த ஆண்டு வேறாக இருந்திருக்கிறது. ஒருவருக்கு வாத்துக் கூட்டம், இன்னொருவருக்கு ஒரு மரணம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரலாறாக்கச் சொல்லும் சக அறிஞர்களோடு அவருக்கு ஒட்டவில்லை. வெளியே புயல். இவ்வளவு சின்னக் கதையில், யாருடைய நினைவை வரலாறு என்கிறோம் என்ற கேள்வியை இவ்வளவு அழகாகக் கேட்டவர்கள் குறைவு.

‘ரெஸ்டரேஷன்’ என்ற கதையையும் விடாதீர்கள். வட டகோட்டாவின் ஒரு சிற்றூரில் பிரெஞ்சுப் பிரபு ஒருவர் விட்டுச்சென்ற மாளிகை. அதிலுள்ள நூலகத்தின் பழைய புத்தகங்களைச் செப்பனிட வந்திருக்கும் ஒரு கைவினைஞர். பக்க ஓரங்களில் பிரபு எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து, விலங்குகளின் மனதைப் பற்றி அந்த மனிதர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது மெல்லத் தெரியவருகிறது. ‘விண்டர் ஹெரன்ஸ்’ கதையில் பனி கொட்டும் இரவில் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் நாரைகள் வந்து இறங்குகின்றன. ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். படித்ததும் அடுத்ததற்குத் தாவினால் எல்லாம் ஒரே கதை போலத் தோன்றும் ஆபத்து உண்டு, ஏனென்றால் அவருடைய கதைசொல்லிகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுவார்கள். இது அவருடைய பலவீனம்தான். பெண்களையும் இளைஞர்களையும் பேசவிடும் இடங்களில்கூட அந்தப் பேராசிரியர் குரல் எட்டிப்பார்க்கும்.

‘விண்டர் கவுண்ட்’ பிடித்துவிட்டால் நேராக ‘தி மேப்பிஸ்ட்’ கதைக்குப் போங்கள். 2000இல் வந்த ‘லைட் ஆக்‌ஷன் இன் தி கரீபியன்’ தொகுப்பில் இருக்கிறது. கதைசொல்லி பல வருடங்களுக்கு முன் ஒரு நகரத்தைப் பற்றிய அபூர்வமான புத்தகத்தைப் படித்து மயங்கியவர். அதை எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டே போகிறார். வேறு வேறு பெயர்களில் எழுதியது ஒரே ஆள்தான் என்று தெரிகிறது. கோர்லிஸ் பெனஃபிடியோ, வரைபடக்காரர். அரசு வேலையிலிருந்து வெளியேறி வட டகோட்டாவில் தங்கிவிட்ட முதியவர். அவரைத் தேடிப் போய்க் கதவைத் தட்டுகிறார். பெரியவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா? அந்த ஒரே ஒரு மாநிலத்தை மறுபடி மறுபடி கையால் வரைந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் அதே நிலம், ஆனால் காட்டப்படுவது வேறு. தண்ணீர் ஓடும் விதம் ஒன்றில், மக்கள் வந்து குடியேறிப் போன தடம் இன்னொன்றில். யார் வாங்கப்போகிறார்கள் என்பது பற்றிய கவலை இல்லை.

நான் முதலில் சொன்ன ஏக்கம் இந்தக் கிழவர்தான். ஓரிடத்தில் நின்று, அவசரப்படாமல், அந்த இடத்துக்கு விசுவாசமாக வாழ்நாளைச் செலவிடும் ஓர் ஆள் இந்த நாட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று லோபஸ் யோசித்திருக்கிறார். கட்டுரையில் அப்படி ஓர் ஆளை இட்டுக்கட்ட முடியாது. கதையில் முடியும். ‘தி ஸ்டோன் ஹார்ஸ்’ படித்த கையோடு ‘தி மேப்பிஸ்ட்’ படியுங்கள். அந்தத் தொல்லியலாளரின் பிங்க் கோடும் பெனஃபிடியோவின் தாள்களும் ஒன்றோடொன்று பேசும்.

ஓர் எச்சரிக்கை. அதே தொகுப்பின் தலைப்புக் கதை மிகக் கொடூரமான வன்முறையில் முடிகிறது. கடலுக்கடியில் நீந்திப் பார்க்க விடுமுறையில் போகும் ஜோடியின் கதை அது. லோபஸ் என்றாலே அமைதி என்று நினைத்து ராத்திரி தூங்கப்போகும் முன் அதைத் திறக்காதீர்கள்.

மூன்றாம் படி: பக்கத்தில் மேப் இருக்கட்டும்

லோபஸைப் படிக்கும்போது திசையும் ஊர்ப்பெயரும் முக்கியம். கைப்பேசியிலேயே வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். ஆனால் தாளில் வட அமெரிக்க வரைபடம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பறவை, விலங்குப் பெயர்களுக்கு ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் தேடாதீர்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அத்தியாயம் முடிந்ததும் கோடு போட்டவற்றுக்குப் படமும் குரல்பதிவும் தேடிக் கேளுங்கள். பொன்னிற உப்புக்கொத்தியின் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால், அது கூடு கட்டும் வெட்டவெளியைப் பற்றிய பத்தி வேறு மாதிரி ஒலிக்கும்.

நிலத்தைக் குறிக்கும் சொற்களில் தடுக்கினால் ‘ஹோம் கிரவுண்ட்’ இருக்கிறது. லோபஸும் அவருடைய மனைவி டெப்ரா குவார்ட்னியும் தொகுத்தது, 2006. 45 எழுத்தாளர்கள் சேர்ந்து, அமெரிக்க நிலத்தைக் குறிக்கும் 850க்கும் மேற்பட்ட சொற்களுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அகராதிதான், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கலாம்.

நான்காம் படி: ஓநாய்ப் புத்தகம்

‘ஆஃப் வுல்வ்ஸ் அண்ட் மென்’ 1978இல் வந்தது. பெரிய புத்தகங்களில் முதலில் இதை எடுங்கள். ஒரே விலங்கைப் பற்றியது என்பதால் பிடி நழுவாது. நான்கு பகுதிகள்: உயிரியலாளர் பார்க்கும் ஓநாய், பூர்வகுடி வேட்டைக்காரர் பார்க்கும் ஓநாய், கால்நடை வளர்ப்பவரும் பொறிவைப்பவரும் வெறுக்கும் ஓநாய், ஐரோப்பியக் கதைகளிலும் மதத்திலும் வரும் ஓநாய். விஞ்ஞானிக்குக் கொடுக்கும் அதே இடத்தை அலாஸ்காவின் நூனமியுத் வேட்டைக்காரர்களுக்கும் கொடுக்கிறார். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம், 1978இல் அப்படியில்லை.

ஓநாய்க்கும் இரைக்கும் நடுவே வேட்டைக்கு முன் நடக்கும் ஒரு பார்வைப் பரிமாற்றத்தைப் பற்றி இதில் எழுதுகிறார். இரண்டும் நின்று ஒன்றையொன்று பார்க்கின்றன. சில சமயம் ஓநாய் திரும்பிப் போய்விடுகிறது, சில சமயம் துரத்துகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘மரணத்தின் உரையாடல்’. இது ஊகம்தான், அவரும் ஊகமாகவே சொல்கிறார். ஆனால் புத்தகம் முடிந்த பிறகும் இந்தப் பகுதிதான் மனதில் நிற்கிறது.

மூன்றாம் பகுதி கடினம். விஷம் வைத்த மாட்டுப் பிணங்கள், தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்த வெகுமதி, பொறிகள், விமானத்திலிருந்து சுடுவது. விலங்குவதையைப் படிக்க முடியாதவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் முழுக்க விட்டுவிட வேண்டாம். ஆடு மாடுகளைக் காப்பாற்றத்தான் கொன்றார்கள் என்ற விளக்கம் அந்த அளவு வெறுப்புக்குப் போதாது என்பதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் காட்டுகிறார். புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான்.

கடைசியில், தானும் அப்போதைய மனைவி சாண்ட்ராவும் ரிவர், பிரெய்ரி என்ற இரண்டு கலப்பு ஓநாய்க் குட்டிகளை வளர்த்ததைச் சொல்கிறார். அவற்றிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொல்பவர், ஓநாயை யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

ஐந்தாம் படி: இப்போது ஆர்க்டிக்

சரி, இப்போது ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ எடுக்கலாம். முன்னுரையை மட்டும் விடாமல் படித்துவிடுங்கள். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைப்பகுதியில், சூரியன் மறையாத கோடை இரவில், தரையிலேயே கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்கு நடுவே நடக்கிறார். மரமே இல்லாத தூந்திரம். முட்டைகள் கண்ணுக்கு நேராக, காலுக்குக் கீழே கிடக்கின்றன. அடைகாக்கும் பறவைகளின் முன்னால் குனிந்து வணங்குகிறார். புத்தகம் முழுக்க இந்த வணக்கத்தின் விரிவுதான்.

அடுத்து வரிசையாகப் போகாமல் மூன்று விலங்கு அத்தியாயங்களுக்குத் தாவுங்கள்: பேங்க்ஸ் தீவின் கஸ்தூரி எருதுகள், துருவக் கரடி, லான்காஸ்டர் ஜலசந்தியின் நார்வால் என்ற திமிங்கிலம். ஆண் நார்வாலின் நீண்ட கொம்பு உண்மையில் ஒரு பல். மேல்தாடையின் இடப்பக்கப் பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு முறுக்கி வளர்கிறது. ஐரோப்பாவில் அதை யூனிகார்ன் கொம்பு என்று சொல்லி விற்றார்கள். உயிரியல், வணிகம், கற்பனை மூன்றையும் ஒரே விலங்கின் வழியாக லோபஸ் கோத்துச் சொல்வதைப் பார்க்க இந்த அத்தியாயம் போதும்.

பிறகு ‘ஐஸ் அண்ட் லைட்’. பனியும் ஒளியும் கண்ணை ஏமாற்றுவதைப் பற்றியது. 1818இல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜான் ராஸ் லான்காஸ்டர் ஜலசந்திக்குள் கப்பலோடு போனவர், எதிரே மலைத்தொடர் வழிமறிப்பதாக நம்பித் திரும்பிவிட்டார். அங்கே மலையே இல்லை, கானல். அந்த மலைக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டுத்தான் திரும்பினார். பார்க்க நினைத்ததைத்தான் மனிதன் பார்க்கிறான் என்ற லோபஸின் கவலைக்கு இதுபோன்ற சம்பவங்கள் எவ்வளவு நெருக்கமானவை என்று உங்களுக்கே தெரியும்; கேமராவை விட்டவர் ஆயிற்றே.

‘தி கன்ட்ரி ஆஃப் தி மைண்ட்’ அத்தியாயத்தைக் கடைசியில் படியுங்கள். ஆய்வுப் பயணிகளின் வரலாறு பேசும் ‘தி இன்டென்ட் ஆஃப் மங்க்ஸ்’, ‘எ நார்தர்ன் பேசேஜ்’ இரண்டையும் முதல் வாசிப்பில் தள்ளிப்போட்டால் தப்பே இல்லை. நல்ல அத்தியாயங்கள்தான், ஆனால் பெயர்களும் கப்பல்களும் அடர்ந்தவை. மேப் இல்லாமல் அவற்றுக்குள் நுழைவது வீண்.

இதற்குமேல்

இவ்வளவு தூரம் வந்தவருக்கு வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படாது. சில குறிப்புகள் மட்டும்.

‘டெசர்ட் நோட்ஸ்’ (1976), ‘ரிவர் நோட்ஸ்’ (1979), ‘ஃபீல்டு நோட்ஸ்’ (1994) மூன்றும் ஒரு வரிசை. பெயரைப் பார்த்துக் கட்டுரை என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு, அவை புனைவு. முதல் இரண்டும் வசனகவிதைக்கு நெருக்கமானவை. ‘ரிவர் நோட்ஸ்’ தொகுப்பின் ‘டிராட்’ கதையைப் படித்துப் பாருங்கள், ஆறு வற்றும் காலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மீனைத் தூக்கிப்போய் ஆழமான தண்ணீரில் விடுபவனின் கதை. அது பிடித்தால் மற்றவையும் பிடிக்கும். ‘ஃபீல்டு நோட்ஸ்’ இவற்றைவிட நல்ல புத்தகம். ‘டீல் கிரீக்’, ‘பியரிலேண்ட்’ இரண்டும் கட்டாயம்.

‘ரெசிஸ்டன்ஸ்’ 2004இல் வந்தது. உலகின் பல மூலைகளில் இருக்கும் ஒன்பது பேர், தங்கள் அரசாங்கம் தங்களைக் கண்காணிப்பதாக அறிவிக்கும் கடிதம் வந்த பிறகு எழுதும் வாக்குமூலங்கள். அரசியல் கோபம் வெளிப்படையாகத் தெரியும் புத்தகம், அதனாலேயே கொஞ்சம் தட்டையானது என்பது என் எண்ணம்.

‘ஸ்லிவர் ஆஃப் ஸ்கை’ என்ற கட்டுரை 2013இல் ‘ஹார்பர்ஸ்’ இதழில் வந்தது. சிறுவயதில், பல ஆண்டுகள், தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அறுபது வயதைத் தாண்டிய பிறகு இதில் எழுதுகிறார். படிக்க மிகவும் கனமானது. உங்களுக்கு அந்த விஷயம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு திறவுங்கள். இதைப் படித்துவிட்டு அவருடைய மற்ற எழுத்தையெல்லாம் இந்த ஒரே சாவியால் திறக்க முயல வேண்டாம். அவர் அதற்கு முன்பே எழுதியவை தம் காலில் நிற்கும் எழுத்துகள்.

பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வெள்ளையர் இவ்வளவு எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. பிற்காலக் கட்டுரைகளில் லோபஸ் இதைத் தானே எழுப்பி, தான் அவர்கள் சார்பில் பேசவில்லை, அவர்களோடு போனபோது தனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன் என்ற எல்லைக்குள் நிற்கிறார். ஆரம்பகாலத்தில், கொயோட்டே என்ற ஓநாய் போன்ற விலங்கைப் பற்றிய பூர்வகுடிக் கதைகளைத் தன் நடையில் திரும்பச் சொன்ன தொகுப்பு ஒன்று உண்டு. அந்த மக்களே இப்போது எழுதிவரும் புத்தகங்கள் இருக்கும்போது அதை முதலில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

‘ஹொரைசன்’ (2019) கடைசியில். முப்பது நாற்பது ஆண்டுப் பயணங்களைத் திரட்டிய பெரும் புத்தகம்: ஒரிகன் கடற்கரை, கனடாவின் ஸ்க்ரேலிங் தீவு, கலாபகஸ், கென்யாவின் டர்கானா ஏரிப்பகுதி, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா. அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் தனிப் புத்தகம் அளவுக்கு நீளம், தனித்தனியாகவே படிக்கலாம். எனக்குப் பிடித்தது டர்கானா பகுதி. கென்யாவின் புகழ்பெற்ற புதைபடிவத் தேடுநர் கமோயா கிமேயுவோடும் அவருடைய குழுவோடும் முகாமில் தங்குகிறார்; வெயிலில் தரையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக நடக்கிறார்கள். மற்றவர் கண்ணில் படும் எலும்புத்துண்டு லோபஸின் கண்ணில் படுவதே இல்லை. அண்டார்க்டிகா அத்தியாயத்தில் விண்கல் பொறுக்கும் குழுவோடு போகிறார். நடுவே சுயவிசாரம் நீளும் பக்கங்கள் உண்டு, சலித்தால் தாண்டிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ‘க்ரோ அண்ட் வீசல்’ வாங்கலாம். டாம் போர்ட்டின் படங்களோடு 1990இல் வந்தது. காகமும் மரநாயும் மனிதரைப் போல உடுத்தி, குதிரையேறி, தங்கள் மக்கள் யாரும் போகாத வடக்குக்குப் போகும் கதை. வழியில் பேட்ஜர் என்ற கிழவி, பார்த்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அவசரமாகச் சொன்னால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாள்.

எழுத ஆசைப்படுபவர்களுக்கு ‘அபௌட் திஸ் லைஃப்’ (1998) தொகுப்பின் முன்னுரை. விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர், எழுத்தாளராக விரும்பும் தன் மகளுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்கிறார். நிறையப் படிக்கட்டும், எதையும் ஒதுக்காமல்; தான் எதை நம்புகிறோம் என்று கண்டுபிடிக்கட்டும்; ஊரைவிட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இவ்வளவுதான் சொல்கிறார். அந்தத் தொகுப்பில்தான் ‘அபாலஜியா’வும் ‘லேர்னிங் டு சீ’யும் இருக்கின்றன. சரக்கு விமானங்களில் குதிரைகளோடும் பூக்களோடும் உலகைச் சுற்றி எழுதிய ‘ஃப்ளைட்’ கட்டுரையும் இதில் உண்டு.

எல்லாவற்றையும் வாங்க முடியாது என்பவர்களுக்கு: ‘அபௌட் திஸ் லைஃப்’, ‘விண்டர் கவுண்ட்’ இரண்டையும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கிராஸிங் ஓப்பன் கிரவுண்ட்’ பழைய புத்தகக் கடைகளிலோ இணையத்தில் பழைய பிரதியாகவோ கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஓநாய்ப் புத்தகத்தையும் ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ஸையும் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, மறுபடி தேடத் தோன்றினால் பிறகு வாங்கலாம்.